டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம்

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "டர்போ பெட்ரோல் கார் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். பிள்ளைகளை விடுவதற்கும் கூட்டி வருவதற்கும்தான் கார். மொத்தமே 2,600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கையேட்டில் ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று போட்டிருக்கிறது. மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, 'ஆயில் கறுத்துப் போச்சு, இப்பவே மாத்திடுங்கம்மா' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள். ஆனால் அவர் சொன்ன காரணம் சரியில்லை.

ஆயில் கறுப்பது அதன் வேலையில் ஒரு பகுதி. எரிந்த பெட்ரோலின் கரித்தூள் எங்கும் படியாதபடி தன்னோடு மிதக்கவைக்கும் பொருட்கள் அதில் கலந்திருக்கின்றன. உங்கள் கார் போன்ற டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் உள்ளது, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின். பழைய வகையைவிட அதில் கரி அதிகம், அதனால் சீக்கிரமே கறுக்கும். கறுத்தால் கெட்டது என்பதை நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் சேர்ப்பேன். நல்ல ஆயிலைக் கொட்டவைக்கிறது என்பது ஒரு நஷ்டம். நிறத்தைப் பார்த்துத் திருப்தியடைந்து, உள்ளே நடக்கும் வேறொன்றைக் கவனிக்காமல் விடுவது பெரிய நஷ்டம்.

பெட்ரோல் இன்ஜின் எப்படி இயங்குகிறது என்பது பள்ளியில் படித்ததுதான்: உறிஞ்சல், அமுக்கம், வெடிப்பு, வெளியேற்றம். பழைய வகையில் பெட்ரோலை வால்வுக்கு வெளியே, காற்று வரும் குழாயில், 3 அல்லது 4 பார் அழுத்தத்தில் தெளிப்பார்கள். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நேரடி இன்ஜெக்ஷனில் இன்ஜெக்டரின் மூக்கு சிலிண்டருக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் 200 பார், சில இன்ஜின்களில் 350 பார். உள்ளே போன பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிரவைக்கிறது. அதனால் காற்றை இன்னும் இறுக்கி அமுக்கலாம், சின்ன இன்ஜினிலேயே பெரிய சக்தி எடுக்கலாம்.

சிக்கல் இடம் போதாததில் இருக்கிறது. சிலிண்டரின் அகலம் ஏழெட்டு சென்டிமீட்டர். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சீறி வரும் பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் எதிர்ச் சுவரில் போய் அடிக்கிறது. அங்கே இருந்த ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தொட்டியில் இறங்குகிறது. நெடுந்தூரம் ஓட்டினால் ஆயில் நூறு டிகிரியை ஒட்டிச் சூடாகி, இறங்கிய பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மூன்று கிலோமீட்டரில் அது நடக்காது. மீட்டரில் வெப்ப முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று தோன்றும். அந்த முள் காட்டுவது கூலண்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின், சூட்டை. ஆயில் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் சூடேறும்.

இது புதிய நோய் இல்லை. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் இயந்திர பம்ப்தான் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் செலுத்தியது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், இன்ஜின் முழுதாக நிற்கும்வரை அந்த பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. எரியாத அந்தப் பெட்ரோல் எல்லாம் ஆயிலில் போய்க் கலந்தது. அதனால் 1,000 மைலுக்கு, அதாவது சுமார் 1,600 கிலோமீட்டருக்கு, ஒருமுறை ஆயில் மாற்றச் சொன்னார்கள். 2018-இல் சீனாவின் குளிர் மிகுந்த வடபகுதிகளில், ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ கார்களில் ஆயில் அளவு தானாக ஏறுகிறது என்று புகார்கள் குவிந்தன. அந்த நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்தது.

தானாக ஏறுமா? எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்து அண்ணன் காரில் நானே பார்த்தேன். காய்கறிக் கடை, கோயில், வீடு. அதுதான் அவர் ஓட்டம். ஒரு காலை டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்கி எடுத்தேன். மேல் கோட்டுக்கு அரை விரற்கடை மேலே ஆயில் நின்றது. "அண்ணே, நடுவுல ஆயில் ஊத்தினீங்களா?" என்றேன். "இல்லப்பா, சர்வீஸ்ல மாத்தினதோட சரி" என்றார். மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் பங்க் வாசம். ஒரு சொட்டை வடிதாளில் விட்டு வைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது நடுவில் கரும்பொட்டு, சுற்றிலும் சாம்பல் வட்டம், அதற்கும் வெளியே வெளிறிய வளையம் ஒன்று அகலமாகப் பரவியிருந்தது. பெட்ரோல் அதிகம் கலந்திருந்தால் அந்த வெளிவளையம் இப்படி அகலமாக ஓடும்.

பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போகிறது. பேரிங்குகளுக்கு நடுவே படலம் மெலிகிறது, டைமிங் செயின் சீக்கிரம் தேய்கிறது. இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. எதிர்பாராத ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

சின்ன டர்போ இன்ஜின்கள் பெருகத் தொடங்கியபோது பொறியாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். மேட்டில் கியரைக் குறைக்காமல், நிமிடத்துக்கு 1,500 அல்லது 2,000 சுற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், எப்போதோ ஒருமுறை 'டங்' என்று ஒரு அடி விழுந்தது. ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே உள்ளே தீப்பிடித்திருந்தது. ஆயிரக்கணக்கான சுழற்சிகளுக்கு ஒன்று, பிறகு அமைதி. ஆனால் அந்த ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்து போகலாம். யார் பற்றவைத்தது?

ஒரு துளி ஆயில். பிஸ்டனின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே, முதல் ரிங்குக்கு மேலே, மயிரிழை போல ஓர் இடுக்கு இருக்கிறது. சுவரில் அடித்த பெட்ரோலும் அங்குள்ள ஆயிலும் சேர்ந்து அந்த இடுக்கில் தேங்குகின்றன. பெட்ரோல் சேர்ந்ததால் ஆயிலின் பிடிப்பு தளர்ந்துவிட்டது. பிஸ்டன் வேகமாக மேலே வந்து உச்சியில் சட்டென்று நிற்கப் போகிறது. பேருந்து பிரேக் போட்டால் நின்றிருப்பவர் முன்னால் சாய்வாரே, அதே போல அந்தத் துளி மேலே எகிறி, இறுகிக் கொதிக்கும் காற்றுக்குள் விழுகிறது. 6,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஓர் அமுக்கத்துக்கு 5 மில்லி விநாடிதான், துளி பற்றிக்கொள்ள நேரம் போதாது. 1,500 சுற்றில் 20 மில்லி விநாடி கிடைக்கிறது. அது தாராளம்.

துளி எல்லாம் ஒரே மாதிரி பற்றுவதில்லை என்பதுதான் இதில் அழகு. எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிக்க, ஆயிலில் கால்சியம் கார்பனேட்டைப் பல காலமாகவே சேர்த்துவந்தார்கள். கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாக, சோப்பு போன்ற மூலக்கூறுகளால் போர்த்தி. அதாவது, உங்கள் ஆயிலில் மிதப்பது சுண்ணாம்புக்கல். முன்பு எரிந்த துளிகளின் மிச்சம் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் ஏறும்போது அது கரியமில வாயுவோடு சேர்ந்தாலும் சூடு விடும். அந்தச் சூடுதான் திரியாகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம். கால்சியம் கூடினால் அடி கூடுகிறது என்பது சோதனையில் மறுபடி மறுபடி கண்டது. கால்சியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மெக்னீசியம் சேர்த்தார்கள். அமிலம் அப்போதும் முறிந்தது, அடி மட்டும் குறைந்தது! 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற அமெரிக்க ஆயில் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது.

அந்தச் சோதனை அமெரிக்காவில், ஃபோர்டு இன்ஜினை வைத்து வகுத்தது. நம் ஊர் வெயில், நம் நெரிசல், இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இவற்றில் ஆயில் எப்படி நீர்க்கிறது என்பதை நாமே அளந்து வெளியிட வேண்டும். ஐஐடி மெட்ராஸில் எரிதல் ஆய்வுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது, டேராடூனில் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் இருக்கிறது. சில நகரங்களில் சில கார்கள், மாதம் ஒருமுறை ஒரு சின்னக் குப்பி ஆயில். பெரிய செலவில்லை. பொதுப்பணத்தில் செய்து, முடிவை எல்லோரும் படிக்கும்படி போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உறிஞ்சு வால்வில் கரி படிவதையும் பலர் கேட்கிறார்கள். பழைய வகையில் பெட்ரோல் அந்த வால்வைக் கழுவிவிடும். நேரடி இன்ஜெக்ஷனில் கழுவ ஆளில்லை. ஆயில் மாற்றினாலும் படிந்த கரி போகாது. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீய்ச்சித்தான் சுரண்டுகிறார்கள்.

சரி, சேலத்து அம்மாவுக்கு. உங்கள் கையேட்டைப் புரட்டினால் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பக்கம் இருக்கும். அடிக்கடி குறுந்தூர ஓட்டம், நெரிசல் என்று எழுதியிருப்பது உங்கள் பள்ளிக்கூட ஓட்டத்தைத்தான். அதற்குக் கொடுத்திருக்கும் குறுகிய இடைவெளியைப் பின்பற்றுங்கள். உங்கள் கணக்கில் அது ஆறு மாதம் என்று நான் வைத்துக்கொள்வேன். டின்னில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா, கையேட்டில் சொன்ன தடிமன்தானா என்று பார்த்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை பைபாஸில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். மாதம் ஒருமுறை, காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், காரை அதே சமதளத்தில் வைத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். போன மாதத்தைவிட அளவு ஏறியிருந்தால், கிலோமீட்டர் எவ்வளவு ஆனாலும் சரி, அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.