அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகளுக்கு உரியவை: ஒன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வாசல் வரை

தமிழ்நாட்டில் மகளை அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்த்திருக்கும் பெற்றோருக்குக் காலை உணவு, சத்துணவு, சீருடை, புத்தகம் எல்லாம் தெரியும். பலருக்குத் தெரியாமல் போவது இரண்டு. இவற்றில் பாதிக்கு மேல் சட்டப்படியே கேட்டுப் பெறலாம் என்பது ஒன்று. ஒன்றாம் வகுப்பில் தமிழ் வழியா ஆங்கில வழியா என்று எடுத்த முடிவும், ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பள்ளிக்கு மாற்றினோம் என்பதும் அவள் கல்லூரிக்கும் வேலைக்கும் போகும் காலத்தில் கணக்கில் வரும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைப் பிளஸ் டூ முடித்த பிறகு தெரிந்துகொண்டு வருந்தும் குடும்பங்கள் நிறைய. அதனால் அதைக் கடைசியில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சேர்க்கை. ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மருத்துவமனைப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் இல்லாவிட்டால் பெற்றோர் வயதைக் குறித்து எழுதித் தரும் உறுதிமொழி போதும். ஆதார் இல்லை என்பதும் காரணமாகாது. ஆதார் வழக்கில் 2018-ல் தந்த தீர்ப்பில், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜூன் மாதம் தாண்டி வந்தாலும் சேர்க்க மறுக்க முடியாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்த் திரும்பும் குடும்பங்களின் பெண் பிள்ளைகள்தான் இந்த விதி தெரியாமல் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.

சரி, பிள்ளை சேர்ந்துவிட்டாள். ஒரு பள்ளி நாளில் அவளுக்கு என்ன கிடைக்க வேண்டும்?

முதல் மணி அடிக்கும் முன்பே காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. முதலில் 1,545 பள்ளிகளில்தான் இருந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அப்புறம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரப் பகுதிகளின் உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. கான்வென்ட் என்று நாம் அழைக்கும் பழைய பெண்கள் தொடக்கப்பள்ளிகளில் பலவும் உதவி பெறும் பள்ளிகளே. அங்கே படிக்கும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இப்போது காலை உணவு உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று, கூடவே காய்கறி சாம்பார். கிராமங்களில் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுவினர். அதிலும் அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மாருக்குத்தான் இந்த வேலை என்று வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. தன் பிள்ளையும் உட்கார்ந்து சாப்பிடும் பந்திக்கு யாரும் அலட்சியமாகச் சமைக்க மாட்டார்கள்.

மதியம் சத்துணவு. சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-ல் நீதிக்கட்சிக் காலத்தில் விழுந்த விதை, 1956-ல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் மதிய உணவாக வளர்ந்து, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவாக நிலைத்தது. இன்றைக்குத் தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், வெஜிடபிள் பிரியாணி என்று கலவை சாதங்களோடு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அளவே குறித்திருக்கிறது. சமையலர் வரவில்லை, எரிவாயு இல்லை என்று ஏதோ காரணத்தால் ஒரு பள்ளி நாளில் உணவு போடவில்லை என்றால், அந்தப் பிள்ளையின் பங்குக்கான தானியத்தையும் சமையல் செலவுத் தொகையையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று 2015-ல் வந்த விதிகள் சொல்கின்றன. இப்படி ஒரு விதி இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது.

பாடப்புத்தகம், நோட்டு, ஆண்டுக்கு நான்கு செட் சீருடை, புத்தகப் பை, காலணி, சின்ன வகுப்புக்குக் கிரேயான், மூன்றாம் வகுப்பிலிருந்து வண்ணப் பென்சில் ஆகியவை விலையில்லாமல் கிடைக்கும். மலைப்பகுதிப் பள்ளிகளில் ஸ்வெட்டரும் உண்டு. சீருடை அளவு சரியில்லை என்றால் மாற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். இறுக்கமான சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி விளையாடப் பெண் பிள்ளை கூச்சப்படுவாள். பத்து வயதை நெருங்கும்போது அது விளையாட்டையே நிறுத்திவிடும்.

இனிப் படிப்பு. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் சிறு வகுப்புப் பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்தார்கள். அதைச் சரிசெய்ய 2022 ஜூனில் வந்ததுதான் எண்ணும் எழுத்தும் திட்டம். முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும். எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிய வேண்டும் என்பது இலக்கு. சிறு வகுப்புகளில் பிள்ளைகளின் வாசிப்பு நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி நூல் தருகிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘என் மகள் இப்போது எந்த நிலை, டீச்சர்? அடுத்த நிலைக்குப் போக வீட்டில் நான் என்ன செய்யட்டும்?’ என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் கேட்கலாம். ‘எத்தனை மார்க்?’ என்று கேட்பதைவிட இதற்குத்தான் பயனுள்ள பதில் வரும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’ என்ற சிறார் இதழையும் கல்வித்துறையே வெளியிடுகிறது. பள்ளிக்கு வரும் பிரதி பீரோவுக்குள் போகாமல் பிள்ளைகள் கைக்கு வருகிறதா என்றும் விசாரியுங்கள்.

அடிப்பதும், மனம் நோகத் திட்டுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் இருக்க வேண்டும். 60 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் வேண்டும். அதாவது பிள்ளைகள் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் ஓராசிரியர் பள்ளி என்பதைச் சட்டம் ஏற்கவில்லை.

கழிப்பறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஆனால் கட்டடம் நின்றால் மட்டும் போதாது. உள்ளே தண்ணீர் வராவிட்டால், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டால், பிள்ளை அந்தப் பக்கமே போகாமல் இருக்கக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். சிறுநீர்த் தொற்றும் வயிற்று வலியும் இப்படித்தான் வருகின்றன. 2025-லிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ‘வாட்டர் பெல்’ அடிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கழிப்பறை சரியாக இல்லாத பள்ளியில் அந்த மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் பாட்டிலைத் திறக்க மாட்டார்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழிப்பறைக்கு ஓடுகிறாளா, பாட்டில் தண்ணீர் அப்படியே திரும்புகிறதா என்று கவனியுங்கள். பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இதை எங்கே சொல்வது? பள்ளி மேலாண்மைக் குழுவில். ஆங்கில எழுத்தில் எஸ்.எம்.சி. என்பார்கள். சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, தலைவர் பொறுப்பு பெண் பெற்றோருக்கே என்று வைத்தார்கள். கூட்டம் பெரும்பாலும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடக்கும். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும், வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் குழுவின் சட்டப்பூர்வமான வேலை. நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ‘பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும்’ என்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது அன்றோடு போகும். தீர்மானமாக எழுதியதற்கு அடுத்த கூட்டத்தில் பதில் கேட்கலாம். குழுவில் உறுப்பினராக இல்லாத பெற்றோரும் உறுப்பினர் மூலம் கோரிக்கை வைக்கலாம். அங்கும் தீராததைச் சொல்லக் கல்வித்துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. குழந்தையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் எந்தக் கூட்டத்துக்கும் காத்திருக்காமல் 1098-க்கு அழையுங்கள்.

பண உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கும், கிராமப்புறத்து மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கும் மூன்றாம் வகுப்பிலிருந்து கல்வி ஊக்கத்தொகை உண்டு. பெண்கள் இடைநிற்கக் கூடாது என்பதற்காக வந்தது. இதற்குச் சாதிச் சான்றிதழும் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். இரண்டாம் வகுப்பு முடியும் கோடை விடுமுறையிலேயே இரண்டையும் வாங்கி வைத்துவிட்டால், ஜூனில் தலைமை ஆசிரியர் கேட்கும்போது அலைய வேண்டியதில்லை.

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களும் உண்டு. ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் வைப்புத்தொகை. முதிர்வுத் தொகை 18 வயதில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தால் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். ஆறாம் ஆண்டிலிருந்து படிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 1,800 ரூபாய் தருவதும் இதே திட்டத்தில் அடங்கும். மகள் தொடக்கப் பள்ளியில் இருக்கும் வயதில்தான் இது தொடங்குகிறது. வைப்புத்தொகை ரசீதோடு சமூக நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

இனி ஐந்தாம் வகுப்பு. ஊர்ப் பள்ளி ஐந்தோடு முடிகிறது. ‘பொம்பளப் பிள்ளை, ஆறாவதிலாவது நல்ல தனியார் பள்ளியில் படிக்கட்டும்’ என்று கடன் வாங்கிச் சேர்க்கிறார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிவெடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிக்கும் பெண்ணுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பட்டப்படிப்புக்குப் போகிறவள் என்றால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2024-25 கல்வியாண்டிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளில் 2021-லும் வந்தது. இதற்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் நிபந்தனை. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கவனிக்க வேண்டிய வேறுபாடு என்னவென்றால், உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவளுக்குப் புதுமைப் பெண் கிடைக்கும், 7.5 கிடைக்காது. வெளியே பார்க்க இரண்டு பள்ளியும் ஒன்று போலவே இருப்பதால் பெற்றோர் ஏமாறும் இடம் இது. ‘இது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா?’ என்று வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள். ஏழாம், எட்டாம் வகுப்பு மட்டும் தனியாரில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினாலும் இந்த உரிமை போய்விடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் புதுமைப் பெண், 7.5 இரண்டிலும் இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு.

தமிழ் வழி பற்றியும் ஒன்று. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. அதைக் கேட்கும்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். இப்போது பல அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு உண்டு. ஆங்கில வழியில் சேர்க்கும்போது இந்த முன்னுரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே சேருங்கள். வேண்டுமென்றே விடுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

ஐந்தாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பயிற்று மொழி நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். மாற்றுச் சான்றிதழ் தரப் பழைய பள்ளி தாமதித்தால் அதற்காக மகளை வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. ஜூன் முதல் நாளிலேயே ஆறாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, சான்றிதழைப் பிறகு கொண்டுபோய்க் கொடுக்கலாம்.