பையனைக் காட்டத்தான் வந்தார்கள்

ஆறு வயதுப் பையன், மறுபடியும் படுக்கையை நனைக்கிறான் என்று என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்தார்கள். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று குழந்தை மருத்துவர் சொல்லிவிட்டார். சாயங்காலம் வீட்டில் என்ன நடக்கும் என்று அவனிடம் கேட்டேன். "அம்மா செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே தெரிஞ்சிடும்" என்றான். மெதுவாகக் கழற்றினால் விளையாடலாம். உதறினால், அப்பாவிடம் ஒட்டிக்கொள்வானாம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அம்மா ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீட். இரண்டாவது பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது யாரும் திட்டவில்லை. "பாவம், கைக்குழந்தை வச்சிருக்கீங்க, அந்த கிளையன்ட்டை வேற ஆள் பாத்துக்கட்டும்" என்றார்கள். அப்புறம் ஐந்து மணி மீட்டிங் ஆறரைக்குப் போனது. குழந்தைகள் காப்பகம் ஏழுக்கு மூடிவிடும். தன்னைச் சேர்க்காமல் டீமுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஓடுவது தற்செயலாகத் தெரிந்தது. அப்ரைசலில் 'கமிட்மென்ட் போதாது'. இதில் எதைத் தனியாக எடுத்துச் சொன்னாலும் "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்பார்கள். சொல்ல முடியாதது அப்படியே வீட்டுக்கு வருகிறது.

2017 சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் ஆறரை மணி மீட்டிங்கை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

அப்பாக்களின் கதை வேறு. பையனுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டால், "வீட்ல அம்மா இல்லையா?" என்பார்களாம். அதனால் 'வண்டி பஞ்சர்' என்று மெசேஜ் அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசு ஊழியருக்காவது 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறையில் நிர்வாகம் மனது வைத்தால்தான்.

அந்த அம்மாவிடம் இரண்டு வேலை சொன்னேன். நடந்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்ன மாற்றத்தை 'நீங்கள் சொன்னபடி' என்று தொடங்கி அன்றே மெயிலில் உறுதிப்படுத்திக் கேளுங்கள். பையனிடமும் "அம்மாவுக்கு ஆபீஸ்ல கோபம், உன் மேல இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். முகத்தை மறைக்கப் பார்ப்பது வீண். குழந்தை எப்படியும் கண்டுபிடித்துவிடும், காரணம் தான்தான் என்றும் முடிவு செய்துகொள்ளும்.

மூன்றாவது முறை அவர் தனியாக வந்தார், கையில் மெயில் பிரதிகளோடு. பையனை அழைத்து வரச் சொல்லி நானும் கேட்கவில்லை.