பொத்துவிலில் செலவான டொலர் வங்கிக்கு வந்ததா?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவிலில் ஒரு வெளிநாட்டவர் நான்கு இரவு அறையெடுத்துத் தங்கினால், நாட்டின் கணக்கில் அது ஏற்றுமதி. தேயிலையைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறோம். இங்கே வாங்குபவரே வந்து, அறையையும் சாப்பாட்டையும் அனுபவித்து, காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனால் இது பொருள் கணக்கில் சேராது, சேவைக் கணக்கில்தான் சேரும். அதனால் செய்திகளில் வரும் வர்த்தகப் பற்றாக்குறை, அதாவது பொருள் ஏற்றுமதியைவிட இறக்குமதி கூடிய தொகை, இதனால் ஒரு சதமும் குறையாது. நாட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைக் காட்டும் சென்மதி நிலுவையில், பொருள், சேவை, பணவனுப்பல் எல்லாம் சேரும் நடைமுறைக் கணக்கில்தான் இது அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. 2024இல் பள்ளம் ஏறத்தாழ 6.07 பில்லியன் டொலர். சுற்றுலா வருமானம் 3.17 பில்லியன், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பியது 6.57 பில்லியன். இவ்விரண்டின் பலத்தில்தான் அவ்வாண்டு நடைமுறைக் கணக்கு மிகையில் முடிந்தது.

எது எதில் சேரும் என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. கனடாவில் குடியிருப்பவர் மட்டக்களப்பின் கல்லடிக்கு வந்து ஹோட்டலுக்கும் வேனுக்கும் கொடுப்பது சுற்றுலா வருமானம். தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போவது அந்தக் கணக்கில் வராது, அது பணவனுப்பல் வகை. அவருடைய விமான ரிக்கெற் போக்குவரத்துக் கணக்குக்குரியது. வெளிநாட்டு விமானத்தில் வந்தால் அந்தக் காசு நமக்கு வருவதே இல்லை. இங்கிருந்து சென்னைக்கு வைத்தியத்துக்கும் மக்காவுக்கு உம்றாவுக்கும் போவோர் அங்கே செலவழிப்பது நமக்கு இறக்குமதி.

இந்த வருமானத்தை யாரும் பில் பில்லாகக் கூட்டுவதில்லை. திரும்பிப் போகும் பயணிகளிடம் கேட்டறிந்த சராசரிகளை வைத்து மதிப்பிடுகிறார்கள். 2018இல் வந்தவர்கள் 23 இலட்சத்து 33 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். சராசரித் தங்கல் 10.8 நாள், ஒருவரின் நாட்செலவு 173.8 டொலர். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், 4.38 பில்லியன் வரும். அவ்வாண்டின் சுற்றுலா வருமானம் அதுதான். பயணி சொன்ன செலவு இந்தக் கணக்கில் ஏறிவிடும். அந்த டொலர் இலங்கை வங்கி ஒன்றுக்குள் வந்ததா என்பது வேறு கேள்வி. எங்கள் பகுதி விடுதிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

அது எப்படி உண்டாகிறது? சேர்ஃபிங் வகுப்புக்கான காசை லண்டனில் உள்ள தன் தம்பியின் கணக்கில் போடச் சொல்கிறார் வகுப்பு நடத்தும் ஒருவர். தம்பி அதற்கு ஈடான ரூபாயை இங்கே அவருக்குக் கிடைக்கச் செய்கிறார். பயணி செலவழித்தது உண்மை, வகுப்பு நடந்தது பொத்துவிலில், பவுண் லண்டனைவிட்டு அசையவில்லை. டொலர் தாளை வாங்கி, இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று தெரிந்த கடையில் மாற்றினாலும் இதே கதைதான். அந்தத் தாள் வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர் கைக்குப் போகும், எரிபொருளுக்கோ மருந்துக்கோ வங்கி கடன்கடிதம் (இறக்குமதிக்கு வங்கி தரும் கொடுப்பனவு உறுதி) திறக்க உதவாது. வங்கிகளில் டொலர் தட்டுப்பட்டு 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் நின்ற வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

செய்ய வேண்டியது கடினமல்ல. கார்ட் மெஷின் வைத்திருந்தால் ரூபாயிலேயே பில் போடுங்கள். கார்ட் நிறுவனத்தின் தீர்ப்பனவு வழியாக வெளிநாட்டு நாணயம் உங்கள் வங்கிக்கு வந்துவிடும். மெஷின் இல்லையா, விருந்தினரை ஏரீஎம்மில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதுவும் வங்கி வழிதான். டொலர் தாளோடு வருபவரை வங்கிக்கோ, மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் உள்ள நாணயமாற்றுநரிடமோ அனுப்புங்கள். பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

அடுத்தது, வந்த டொலரில் எவ்வளவு தங்குகிறது என்பது. இரவுக்கு 30 டொலர் வீதம் நான்கு இரவு, 120 டொலர். வெளிநாட்டு இணையத்தளம் வழியாக வந்த முன்பதிவென்றால் 15 வீதக் கொமிஷனாக 18 டொலர் திரும்பப் போய்விடும். அது சேவை இறக்குமதி. மீண்டும் வரும் விருந்தினர் நேரடியாகப் பேசிப் பதிவுசெய்தால் அந்த 18 இங்கேயே நிற்கும். காலைச் சாப்பாடும் இப்படித்தான். பாணுக்குக் கோதுமை வெளியிலிருந்து வருகிறது. பட்டரும் பால்மாவும் பெரும்பாலும் அப்படியே. அரிசிமா இடியப்பம், தேங்காய்ச் சம்பல், மீன் குழம்பு, எருமைத் தயிர் என்று வைத்தால் காசு அம்பாறை வயலுக்கும் வாழைச்சேனைத் தோணிக்கும் போகும். சமைக்கும் காஸ் மட்டும் இரண்டிலும் பெரும்பாலும் இறக்குமதிதான்.