படுக்கவும் கூடாது, நிற்கவும் கூடாது

வேலூர் தோட்டப்பாளையத்தில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் ஒரு பழைய மடக்குக் கத்தி இருக்கிறது. கடைக்கார அண்ணனின் அப்பா காலத்துக் கத்தி. வாடிக்கையாளர்களுக்கு அதை எடுப்பதில்லை. அண்ணன் தன் முகத்துக்கு மட்டும் வைத்திருக்கிறார். கற்றுக்கொடுங்கள் என்று பலநாள் கேட்டபின், ஒருநாள் என் கன்னத்தில் நுரை போட்டுக் கத்தியை என் கையில் கொடுத்தார். "தம்பி, படுக்கவும் வெக்காத, நிக்கவும் வெக்காத. சாச்சிக்கினு இழு, அது தானா போவும்."

எவ்வளவு சாய்ப்பது? அந்த அளவு அவர் கையில் இருக்கிறது, எண்ணாகச் சொல்லத் தெரியாது. வீட்டுக்கு வந்து பையனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து மூலைமட்டத்தை எடுத்தேன். அதன் 30 டிகிரி மூலையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தால், அண்ணன் கத்தி பிடிக்கும் சாய்வு ஏறக்குறைய அதுதான்.

மூலைமட்டம் இல்லாமலும் இதை அளக்கலாம். அளவுகோல் கத்தியிலேயே இருக்கிறது. வழக்கமான மடக்குக் கத்தியின் அலகு சுமார் 16 மி.மீ. அகலம், முதுகு சுமார் 5 மி.மீ. தடிமன். முதுகும் வாயும் (அறுக்கும் விளிம்பு) இரண்டும் தோலைத் தொடும்படி படுக்க வைத்தால், அலகின் நடுக்கோடு தோலோடு 9 டிகிரி சாய்ந்திருக்கும். இப்போது முதுகை மட்டும் மெல்லத் தூக்குங்கள். முதுகின் நடுப்பகுதி 8 மி.மீ. உயரத்துக்கு வந்தால் 30 டிகிரி. அதில் முதுகின் பாதித் தடிமனைக் கழித்தால், தோலுக்கும் முதுகுக்கும் நடுவே ஐந்தரை மி.மீ. இடைவெளி. அதாவது இன்னொரு முதுகு நுழையும் அளவு இடம். கண்ணாடியில் அந்த இடைவெளியைப் பார்த்துப் பழகினாலே கை பிடிபட ஆரம்பிக்கும்.

இந்த முதுகு எனக்கு மிகப் பிடித்த விஷயம். சாணைக்கல்லில் தீட்டும்போது முதுகையும் வாயையும் சேர்த்தே படுக்க வைக்கிறார்கள். அதனால் யார் தீட்டினாலும் வாயின் கோணம் மாறுவதில்லை. பக்கத்துக்கு 9, மொத்தம் 18 டிகிரி. தோல்வாரில் தேய்ப்பதும் அப்படித்தான், முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர வேண்டும். மாறிப் போனால் வார் அறுந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள் இருக்க, நம் பக்கம் நல்ல வாருக்கு என்ன குறை!

சரி, ஏன் 30? 9 டிகிரியிலேயே இழுத்தால் என்ன?

தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்துப் பாருங்கள். உளியின் அடிமுகம் மரத்தைத் தொடாமல் பின்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். தோலுக்கு அந்த இடம் இன்னும் அவசியம். கத்தியின் வாய் போகும்போது தோல் அமுங்கும். கடந்ததும் மறுபடி எழும்பும். 30 டிகிரியில் பிடித்தால், வாய்க்குப் பின்னால் 21 டிகிரிக்கு ஆப்பு போல வெற்றிடம் இருக்கிறது. படுக்க வைத்தால் அது இல்லை. எழும்பும் தோல் அலகையே மேலே தள்ளும். வாய் முடியின் அடியை விட்டு ஏறி, அதை அறுக்காமல் வளைத்துக்கொண்டு வழுக்கும். வெடுக்கென்று பிடுங்குவது போன்ற எரிச்சல் அங்கிருந்துதான்.

நிற்க வைத்தால் கதை வேறு. கத்தி அறுப்பதை விட்டுச் சுரண்ட ஆரம்பிக்கும். தோலின் மேலே இருக்கும் உயிரற்ற அடுக்கு ஒரு காகிதத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது போய்விட்டால் படிகாரம் பட்டதும் முகம் பற்றி எரியும்.

முடி சாதுவானது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் சவரத்தைப் பார்த்தார்கள். எஃகைவிட சுமார் 50 மடங்கு மிருதுவான முடி, எஃகு விளிம்பிலிருந்து சில்லுகளைப் பெயர்க்கிறது. முடி வளைந்து சாய்வாக மோத, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் விளிம்பு உடைகிறது. முடியை வளையவிடாமல் அறுப்பது முகத்துக்கு மட்டுமல்ல, கத்திக்கும் நல்லது. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறினால் முடி தண்ணீரை உறிஞ்சி மிருதுவாகும், அறுக்க அதிக விசை வேண்டாம். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் நுரை ஒரு கன்னம் முடிவதற்குள் காய்ந்துவிடும். கூச்சப்படாமல் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை தோலைத் தட்டையாக வைத்துக் கணக்குப் போட்டோம். 30 டிகிரி என்பது கத்தி தொடும் அந்த ஒரு புள்ளியில் தோலோடு இருக்கும் கோணம். முகத்தில் தட்டையான இடம் எங்கே இருக்கிறது? திருத்தணியிலோ திருப்பதியிலோ குழந்தைக்கு மொட்டை போடுவதைக் கிட்ட நின்று பார்த்திருப்பீர்கள். ஒரு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 45 செ.மீ. அத்தனையும் சேர்ந்து 360 டிகிரி. கத்தி ஒரு செ.மீ. நகர்வதற்குள் தோலின் திசை 8 டிகிரி திரும்பிவிடுகிறது. மணிக்கட்டைத் திருப்பாமல் மூன்று செ.மீ. நேராக இழுத்தால் 24 டிகிரி போய், மிஞ்சுவது 6. முதுகு தலையில் இடித்துக் கத்தி நின்றுவிடும். அழுகிற குழந்தையின் தலையில் மொட்டை போடுபவர்களின் மணிக்கட்டு சுழல்வதைப் பார்க்கும்போது எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

மேடான இடத்தில் கத்தி தானாகப் படுக்கிறது. அறுபடாமல் போகுமே தவிர ஆபத்து குறைவு. பள்ளத்தில் நேர்மாறு. தாடை எலும்பைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கும் குழிவில் கத்தி தானாக நிமிர்கிறது. நான் முதலில் ரத்தம் பார்த்தது அங்கேதான். அண்ணன் அந்த இடத்துக்கு வந்ததும் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, இடது கை விரலால் தோலை இழுத்துப் பிடிக்கிறார். பள்ளம் மறைந்து தோல் தட்டையாகிவிடுகிறது. கோணத்தைப் பாதி கத்தி பிடித்த கை அமைக்கிறது, மீதிப் பாதியை இந்த இடது கை.

இன்னொரு ஆபத்து, கத்தியை வாயின் நீளவாக்கில் நகர்த்துவது. தக்காளியைக் கத்தியால் அழுத்தினால் நசுங்கும், லேசாக இழுத்தால் உடனே அறுபடும். தோலும் அப்படித்தான். கோணம் சரியாக இருந்தாலும், நுனிப்பக்கமாக ஒரு மி.மீ. வழுக்கினால் போதும், கோடு விழுந்துவிடும்.

அப்புறம், இன்றைக்குக் கடைகளில் இருப்பது பாதி பிளேடு செருகும் கத்தி. அந்த மாற்றத்தில் வேலூருக்கும் பங்குண்டு. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சென்னையில் திரட்டிய ரத்த மாதிரிகள் இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில்தான் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிந்தது அந்தச் சோதனையில். பின்வந்த ஆண்டுகளில் ஆளுக்கொரு புது பிளேடு என்பது சலூன்களின் பழக்கமாயிற்று. ரொம்பச் சரியான பழக்கம். ஆனால் பிளேடின் தடிமன் 0.1 மி.மீ. தான், அளந்து பார்க்க அந்தப் பருத்த முதுகு இல்லை.

அதற்கு அண்ணன் காதை நம்புகிறார். மின்விசிறியை நிறுத்திவிட்டு என் கன்னத்தில் இழுத்துக் காட்டினார். சரியான சாய்வில் 'சரசர' என்று, காய்ந்த புல்லில் நடப்பது போலத் தெளிவான சத்தம். முதுகைக் கொஞ்சம் தாழ்த்தினார், சத்தம் அமுங்கிப் போயிற்று. மறுபடி உயர்த்தினார், சத்தம் திரும்பி வந்தது.