பிரேக் சத்தம் கேட்காத விபத்து

எங்கள் வீடு மாங்குளத்துக்குத் தெற்கே, ஏ-9 வீதியோரம். இரவிரவாக ஓடும் லொறிச் சத்தத்துக்கு நாங்கள் எழும்புவதில்லை. ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பினோம். பிரேக் கீச்சிடவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை; மரம் முறிந்த சத்தம் மட்டும்தான். ரோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினால், வாய்க்கால் கரைப் புல்லெல்லாம் கோதுமை மா வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. வீதியில் ரயர் தேய்த்த கறுப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. சாரதிக்கு நெற்றியில் மட்டும் காயம்.

அப்பா செம்பில் தண்ணீர் கொடுத்து, "நித்திரை தூங்கிப்போட்டீரோ தம்பி?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்லை ஐயா. முழிச்சுத்தான் இருந்தனான்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

களைத்த மூளை உடம்பைக் கேட்காமலே சில வினாடிகள் உறங்கிவிடும். இதைக் குறுந்துயில் என்று சொல்லலாம். கண் திறந்திருக்கலாம், கை ஸ்ரேறிங்கில் இருக்கலாம். ஆனால் கண்ணில் படுவது மூளையில் பதியாது. இவ்வளவு குறுகிய உறக்கம் நினைவிலும் நிற்பதில்லை. அதனால் ஒரு நிமிடம் உறங்கி எழுந்தவர்களில் பலர் தாங்கள் உறங்கவே இல்லை என்றுதான் சாதிப்பார்கள். உறங்குகிற மூளை பிரேக்கை மிதிக்கச் சொல்லாது. அந்த வீதியில் கறுப்புக் கோடு இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஏன் இது மூன்று மணிக்கு நடந்தது? நித்திரையை இரண்டு விசைகள் இழுக்கின்றன. ஒன்று அடினோசின். விழித்திருக்கும் மூளை சக்தியைச் செலவழிக்கச் செலவழிக்க இந்தப் பொருள் சேர்ந்துகொண்டே போகும். உறங்கினால்தான் அது குறையும், வேறு வழி இல்லை. மற்றது மூளைக்குள் இருக்கும் நாள்மணிக்கூடு. அது பின்னிரவு இரண்டு மணி தொடக்கம் ஆறு மணி வரை உடம்பை ஆகக் கீழே இறக்கிவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் சிறிதாக ஒருமுறை இறக்கும். கொழும்பில் இரவு எட்டு மணிக்குச் சாமான் ஏற்றிப் புறப்படும் லொறியை நினைத்துப் பாருங்கள். அது வவுனியாவைத் தாண்டி ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று வன்னிக்குள் ஏறும் நேரமும் இந்த இறக்கமும் ஒன்றாகவே வருகின்றன. அதோடு, வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏறத்தாழ 80 கிலோமீற்றரும் பெரும்பாலும் நேர் வீதி, இரு கரையும் காடும் வயலும். மூளையைத் தட்டி எழுப்ப ஒரு வளைவுகூடக் கிடைப்பது அரிது.

1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் விழிப்பையும் மதுவையும் ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரைப் போல் தடுமாறினவாம். காலை ஏழு மணிக்கு எழும்பியவருக்கு நள்ளிரவில் 17 மணித்தியாலம் ஆகிவிடும். ஒரு துளியும் குடிக்காத மனிதர் அவர்.

விழித்திருக்கும் சாரதிக்கே இடம் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் வினாடிக்கு 16.7 மீற்றர். கண்டு, விளங்கி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி, அதற்குள் 25 மீற்றர் போய்விடும். பாரம் ஏற்றிய லொறி நல்ல தார் வீதியில் நிற்க இன்னும் 28 மீற்றராவது வேண்டும். மொத்தம் 53. வேகத்தை 80 ஆக்கினால் அது 80 மீற்றரையும் தாண்டும். டிம் வெளிச்சத்தில் கறுத்த உருவம் தெரிவது ஏறத்தாழ 40, 50 மீற்றரில்தான். மாரியில் வயலெல்லாம் ஈரம், தார் மட்டும்தான் படுக்க வாகான இடம். கட்டாக்காலி மாடுகள் அதில் வந்து கிடக்கும். நேரே பார்க்கும் மாட்டின் கண் வெளிச்சத்தில் மின்னும். முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் எருமையில் மின்ன ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கில் மூன்று வினாடிக் குறுந்துயிலைச் சேர்த்தால் இன்னும் 50 மீற்றர் போய்விடுகிறது.

பாட்டைக் கூட்டுவது, கண்ணாடியை இறக்குவது, வெற்றிலை போடுவது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அடினோசின் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பிளேன்ரீயில் உள்ள கஃபீன் கொஞ்சம் கெட்டிக்காரன். அடினோசின் போய் உட்காரும் கதிரையில் தான் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அடினோசின் வாசலில் காத்து நிற்கும், கஃபீன் எழும்பியதும் கூட்டமாக உள்ளே வரும். கஃபீனுக்குக் கதிரை பிடிக்கவே இருபது, முப்பது நிமிடம் ஆகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேநீரைக் குடித்த கையோடு லொறியை எடுத்தால் ஆக ஆபத்தான தூரத்தைக் கஃபீன் இல்லாமலே ஓடுகிறீர்கள்.

என் சித்தப்பா லொறி ஓடியே தலை நரைத்தவர். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. அவரும் நிற்பார். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, உடனே சீற்றில் சரிந்து இருபது நிமிடம் படுப்பார். உறக்கம் அடினோசினைக் கொஞ்சம் கழுவும், எழும்பும் நேரம் கஃபீனும் வந்து சேரும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய், எழும்பும்போது தலை மந்தமாக இருக்கும். அந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "கூடப் படுத்தா உடம்பு கேளாது மகன்" என்பார்.

எழும்பிய உடனும் சாவியைத் திருப்ப மாட்டார். மந்தம் கலைய ஒரு பத்து நிமிடம். முகத்தைக் கழுவி, இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு லொறியைச் சுற்றி வந்து ஒவ்வொரு ரயராகத் தட்டிப் பார்ப்பார். பின்சில்லில் சோடியாகப் பூட்டிய ரயர்களில் உள்ளே இருப்பது காற்றுப் போயிருந்தாலும் வெளியே தெரியாது, சத்தத்தில்தான் தெரியும். கடைசி ரயரையும் தட்டி முடிக்கையில் கச்சான்காரப் பெண் சூடான அடுத்த ஈட்டைச் சுளகில் கொட்டிக்கொண்டிருப்பாள்.