கடல் நடுவே ரேடார் இல்லை, அங்கே 2000 எதற்கு?

அயர்லாந்துக்கு மேற்கே லிம்ரி என்ற புள்ளியைத் தாண்டி அட்லாண்டிக்குக்குள் விமானத்தை ஓட்டிக்கொண்டு நுழையும்போது, பயணத்திட்டத் தாளில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நேரத்தைக் குறித்து, அதற்குக் கீழேயே '2000' என்றும் எழுதி வட்டமிட்டு வைப்பேன். ரேடார் கேட்டால் விமானத்தின் அடையாள எண்ணைப் பதிலாக அனுப்பும் கருவி டிரான்ஸ்பாண்டர். அதில், அயர்லாந்தின் ஷானன் கட்டுப்பாட்டு மையத்து கன்ட்ரோலர் கொடுத்த நாலு இலக்க எண்ணை எடுத்துவிட்டு, தனி எண் தரப்படாத விமானங்களுக்கான பொது எண்ணான 2000 போட வேண்டும் என்று நினைவூட்டத்தான் அந்த வட்டம். நான் கற்றபோது நுழைந்து 30 நிமிடம் கழித்து என்று விதி. இது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், திருத்தமும் வரும், அதனால் கிளம்பும் முன் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள்.

ஏன் உடனே மாற்றக் கூடாது? கரையிலுள்ள ரேடார் சுமார் 200 கடல் மைல் வரை எட்டும். அதுவரை அந்த எண்ணை வைத்துத்தான் திரையில் உங்களை அடையாளம் காண்கிறார்கள்.

சரி, மாற்றவே மறந்துவிட்டால்? 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டும் என்பதால் மொத்தமே 4096 எண்கள், அதைத்தான் உலகம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ஆகவே ஷானன் உங்களுக்குத் தந்த அதே எண்ணைக் கனடா பக்கம் வேறொரு விமானத்துக்குக் கொடுத்திருக்கலாம். ஒருமுறை நாங்கள் பழைய எண்ணோடேயே அக்கரை ரேடாருக்குள் போய்விட்டோம். கன்ட்ரோலர் இரண்டு முறை எண்ணைக் கேட்டு, வேறு எண் கொடுத்து, அது திரையில் சரியாக வந்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார். நெரிசலான நேரத்தில் அவர் கவனத்தை அப்படிப் பிடித்து வைத்தது எங்கள் தவறு.

அப்புறம், ரேடார்தான் இல்லையே, டிரான்ஸ்பாண்டர் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். பக்கத்து விமானத்தின் மோதல் தடுப்புக் கருவியான டிகாஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது உங்கள் டிரான்ஸ்பாண்டர்தான். 2006 செப்டம்பர் 29 அன்று அமேசான் காட்டுக்கு மேலே 37,000 அடியில் கோல் நிறுவனத்தின் 1907 என்ற போயிங் பயணிகள் விமானமும் லெகசி என்ற சிறிய ஜெட்டும் மோதின. லெகசியின் டிரான்ஸ்பாண்டர் சிக்னல் அனுப்பவில்லை, அதனால் இரண்டு விமானத்திலும் எச்சரிக்கை வரவில்லை. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள்.

2019 முதல் இரிடியம் செயற்கைக்கோள்களும் வட அட்லாண்டிக்கில் டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் ஏடிஎஸ்-பி தகவலை, அதாவது விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் சிக்னலைப் பிடித்து, கனடாவின் கேண்டர், ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் ஆகிய கட்டுப்பாட்டு மையங்களுக்குத் தருகின்றன. அதனால் நடுக்கடலில் அவசரம் வந்தால், யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவசரநிலைக்கான எண்ணான 7700 போடாமல் இருக்காதீர்கள். போடுங்கள், கன்ட்ரோலரிடம் சொல்லுங்கள், அவசர வானொலி அலைவரிசையான 121.5-இலும் அறிவியுங்கள். உங்களுக்கு 1,000 அடி கீழே இன்னொரு விமானம் போய்க்கொண்டிருக்கலாம். நீங்கள் இறங்கப்போவது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.