சத்தம் ஊட்டும் உணர்ச்சி, காட்சியின் கணக்கில்

பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ நடக்கும் ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களில் பாதிப்பேர் மாப்பிள்ளையோடு வேலை செய்பவர்கள். பொம்பிளையை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார்கள். ஐயர் கையைக் காட்டுகிறார். தவில்கள் ஒரே நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுகின்றன, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகிறது, தாலி ஏறுகிறது. அந்தப் பாதிப்பேருக்கும் கண் கலங்கிவிடுகிறது. அதே கல்யாண வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒருவர் இன்னொருவர் கழுத்தில் எதையோ கட்டுகிறார், அவ்வளவுதான். படத்தை மறைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டால் காது நிறையும். நெஞ்சு அந்த அளவுக்கு அசையாது.

இரண்டும் சேரும்போது மட்டும் வருகிற அந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

மூளை முதலில் முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான்: கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் ஒரே சம்பவமா, வேறுவேறா? நடுமூளையில் சுப்பீரியர் கொலிக்குலஸ் என்றொரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்குள்ள சில நரம்பணுக்கள் ஒளிக்கும் பதில் தரும், ஒலிக்கும் பதில் தரும். பாரி ஸ்டைன், அலெக்ஸ் மெரெடித் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களில் பூனைகளிடம் இவற்றை அளந்தார்கள். ஒளியும் ஒலியும் ஒரே இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தபோது, தனித்தனிப் பதில்களைக் கூட்டினாலும் எட்டாத அளவுக்குச் சில அணுக்கள் துடித்தன. தனியே மங்கலாக இருந்த ஒளிக்கும் ஒலிக்கும்தான் இந்தப் பெருக்கம் அதிகம். இடமோ நேரமோ விலகிப்போனால் பெருக்கமும் போய்விடும்.

நேரம் என்பது இதில் சிக்கலான விஷயம். கொழும்பின் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். ஒளி 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். காலிமுகத்திடலில் புதுவருட இரவில் 350 மீற்றர் தள்ளி வெடிக்கும் வாணத்தின் சத்தம், வெளிச்சத்துக்கு ஒரு வினாடி பிந்தித்தான் வந்து சேரும். மூளை அவற்றை ஒன்றாகக் கட்டுவதில்லை. அதை நிதானமாக ரசிக்க முடிவதற்குத் தூரத்தில் சத்தம் குறைவது ஒரு காரணம். வெளிச்சமே முன்னெச்சரிக்கையாக இருப்பது இன்னொன்று. பக்கத்தில் வெடித்தால் உடம்பு தூக்கிவாரிப் போடும்.

உடலுக்குள் கதை தலைகீழ். காதின் மயிரணுக்கள் ஒலியை மின்சைகையாக மாற்ற ஒரு மில்லிவினாடிகூடத் தேவையில்லை. விழித்திரைக்கோ பல பத்து மில்லிவினாடிகள் வேண்டும். வழியில் ஒளி முந்துகிறது, தலைக்குள் ஒலி முந்துகிறது. இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கத்தான் மூளை சிறிது கால இடைவெளியைப் பொறுத்துக்கொள்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான சர்வதேச அளவுகோல் இதை அழகாகக் காட்டும்: சத்தம் படத்துக்கு 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் 125 மில்லிவினாடி வரை கவனிக்க மாட்டார். இயற்கையில் சத்தம் காட்சிக்கு முன்னால் வந்ததே கிடையாதே!

சரி, ஒன்றாகக் கட்டியாயிற்று. அப்புறம் உணர்ச்சி எப்படிப் பிறக்கிறது? பியட்ரிஸ் டி கெல்டர், ஜீன் வ்ரூமன் இருவரும் 2000இல் வெளியிட்ட சோதனையில், சோகத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இடைப்பட்ட முகங்களைக் காட்டிக் கூடவே ஒரு குரலையும் ஒலிக்கவிட்டார்கள். குரலைக் கவனிக்க வேண்டாம், முகத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லியும், சோகக் குரலோடு பார்த்த முகம் அதிகச் சோகமாகவே தெரிந்தது. வேண்டாம் என்றாலும் விலகாத சேர்க்கை இது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1988இல் சாண்ட்ரா மார்ஷல், அனபெல் கோஹென் செய்த ஆய்வு. இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும் சின்னப் படம்; 1944இல் ஹைடர், சிம்மெல் என்ற உளவியலாளர்கள் உருவாக்கியது. அதற்கு வேறுவேறு இசையைச் சேர்த்தபோது, அந்த உருவங்களின் குணம் பற்றிப் பார்வையாளர்கள் சொன்னதும் மாறியது. இசைக்குச் சொந்தக்காரர் இல்லை. அது கிளப்பும் பரபரப்பு யாரைப் பற்றியது என்று இசை சொல்வதில்லை. கண் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதன் கணக்கில் போய் விழுகிறது. சத்தம் தந்த உணர்ச்சியைக் காட்சி தந்ததாகவே நாம் நம்புகிறோம்.

சூரிச்சில் தோமஸ் பௌம்கார்ட்னர் குழுவினர் 2006இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோதும் இது தெரிந்தது. பயமும் சோகமும் தரும் படங்களைத் தனியே பார்த்ததைவிட, பொருத்தமான இசையோடு பார்த்தபோது அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் போன்ற, உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகள் கூடுதலாக இயங்கின.

ஆனால் எல்லாமே பிறவியில் வருவதில்லை. பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபியூர் எலிஸே' மெட்டைக் கொழும்பின் ஒழுங்கைகளில் கேட்டால் எங்களுக்குப் பசிக்கும். பாணும் பணிஸும் கொண்டுவரும் ஓட்டோ தெருமுனையில் திரும்புகிறது என்று அர்த்தம். தாய்வானில் அதே மெட்டைப் போட்டுக்கொண்டு குப்பை லொறி வரும். மக்கள் பையோடு வெளியே ஓடிவருவார்கள். எந்தக் காட்சியோடு சேர்ந்து கேட்டுப் பழகினோமோ, அதன் உணர்ச்சிதான் மெட்டில் ஒட்டிக்கொள்கிறது.

அதனால்தான் கைபேசியில் வரும் வீடியோக்கள் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. தெருவில் இரண்டு பேர் வாக்குவாதப்படும் காட்சிக்குக் கீழே ஒரு திகில் இசையை ஒட்டிவிட்டால், அவர்களில் ஒருவர் கெட்டவராகத் தெரியத் தொடங்குவார். அவரைப் பற்றி எதுவும் நமக்குத் தெரியாது. இப்படி ஒன்று வந்தால் முதலில் சத்தமில்லாமல் ஒருதரம் பார்க்கவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்திலும் இது கவனிக்கவேண்டியது. ஓட்டிசம் உள்ள பலரிடம், காட்சியையும் ஒலியையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் கால இடைவெளி மற்றவர்களைவிட அகலம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சேரக்கூடாதவையும் சேர்ந்துவிடும். சத்தம் தாங்காத சிரமமும் அவர்களில் பலருக்கு உண்டு. ஆடிவேல் தேர் காலி வீதியில் வரும்போது தவிலுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையை அடம் என்று அதட்டாதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மேளத்துக்கு 5 மீற்றரில் நிற்பவர்கள் 20 மீற்றருக்குத் தள்ளிப் போனால் 12 டெசிபல் குறைந்துவிடும். தேர் அங்கிருந்தும் நன்றாகவே தெரியும்.